நாமக் காடி

தணிகாசலம் இன்ஜினியரிங் ஒர்க்ஸில் படம் போடுவதற்கென்று ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியபோது, ரயில்வே கேட் டீக்கடையில் பாதிப் பேர் அது காலண்டர் படம் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் சினிமாப் படம் என்று நினைத்து ஆவலாக விசாரித்தார்கள். ஒரு இரும்புச் சக்கரம் செய்வதற்கு முன்னால் அதைத் தாளில் வரைய வேண்டும், அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கத்துக்குப் புதுசு. 1971-ஆம் வருஷம், ஐப்பசி மாதம் அது.

முதலாளி தணிகாசலம் முசரவாக்கத்துக்காரர். ஏர் பிடித்த குடும்பம். ஊரில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்து, வாங்கினவர்கள் எல்லாரும் அதை ரிப்பேர் செய்ய ஆள் தேடி அலைந்ததைப் பார்த்தவர், வாலாஜாபாத் ரோட்டில் ஒரு ஷெட் போட்டு லேத் இறக்கினார். பிறகு சக்கரம், பம்பு உதிரி என்று வார்ப்பு வேலையும் சேர்ந்தது. தோளில் கட்சித் துண்டு எப்போதும் உண்டு. நெற்றியில் எதுவும் கிடையாது. சாமி இல்லை என்பது அவர் கொள்கை. புது மெஷின் வந்து எலுமிச்சம்பழம் நசுக்குகிற நேரத்தில் மட்டும் வெளியே போய் நின்றுகொள்வார். பழத்தை வாங்கிக்கொண்டு வருவதும் அவரேதான்.

அந்தப் பெண்ணின் பெயர் ரமாமணி. சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டுப் பெண். சென்னையில் சித்தி வீட்டில் தங்கி டிராப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவள். மேன் என்று முடிகிற படிப்பை ஒரு பெண் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை, அதுதான் நிஜம்.

அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். ஒரே அண்ணன் சம்பத்குமார் பிலாயில் கணக்கு வேலையில் இருந்தான். அவனுக்கு இரண்டு குழந்தைகள், மூன்றாவது மன்னியின் வயிற்றில். ரமா வந்துவிட்டால் ஒத்தாசையாக இருக்கும் என்று மன்னி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒத்தாசை என்ற அந்தச் சொல்லுக்குள் சமையல், துணி, பத்தியம், பிள்ளைகளின் மூக்குத் துடைப்பது எல்லாம் அடக்கம் என்பது ரமாமணிக்குத் தெரியும். ஒரு கோடை முழுக்கப் போய் இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அங்கே அவளை யாரும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு எந்த வார்த்தையும் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"பொங்கலுக்குள்ள உன் வேலை நிரந்தரமாகணும். ஆகலைன்னா ஆத்தை வாடகைக்கு விட்டுட்டு உன்னை அழைச்சுண்டு போயிடுவேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். தணிகாசலமும் அதே பொங்கலைத்தான் சொல்லியிருந்தார். "பொங்க வரிக்கும் செஞ்சிக்கினு இரும்மா. சரியா வந்தா வெச்சுக்கறேன், இல்லாங்காட்டி இல்ல."

நேர்கோட்டில் ரமாமணி கெட்டிக்காரி. தகடு, போல்ட், தாங்குகட்டை எல்லாம் அச்சடித்த மாதிரி வரும். வளைவு என்று வந்தால்தான் சங்கடம். தனியாக ஒரு வட்டம் கேட்டால் போட்டுவிடுவாள். ஆனால் ஒரு நேர்கோடு இறங்கி, வளைந்து, மறுபடி நேர்கோடாக ஏற வேண்டும் என்றால் தொலைந்தது. காம்பஸின் முள்ளை எங்கே ஊன்றுவது என்று பிடிபடாது. குத்துமதிப்பாக ஊன்றுவாள். வளைவு ஒரு பக்கம் கோட்டைத் தாண்டிப் போகும், இன்னொரு பக்கம் எட்டாமல் நிற்கும். சேருகிற இடத்தில் கூன் விழும். அதற்கென்று முறை உண்டு, வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அவள் அதை மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டு வந்துவிட்டாள். கொட்டினது அங்கேயே தங்கிவிட்டது.

கார்த்திகை கடைசியில் தணிகாசலம் பெங்களூரிலிருந்து ஒரு ஆர்டரோடு வந்து இறங்கினார். பட்டு நூலுக்கு முறுக்கேற்றும் மில் ஒன்றுக்கு, கயிறு ஓடும் சக்கரங்கள் வேண்டும். முதலில் அரை டஜன் மாதிரிக்கு. சரியாக இருந்தால் மில் முழுவதற்கும் இங்கேதான். அந்த மில்லில் படம் இல்லாமல் எதையும் தொட மாட்டார்கள். ரமாமணியை வேலைக்கு வைத்ததே இப்படி ஒரு நாளுக்காகத்தான்.

"எட்டு இஞ்ச் சக்கரம், அரை இஞ்ச் கயிறு. காடி இன்னா காடி தெரியுமா? நாமக் காடி. அத்த மட்டும் கரீட்டா போட்று" என்றார் தணிகாசலம். சொல்லும்போதே விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார்.

காடி என்றால் சக்கரத்தின் விளிம்பில் கயிறு உட்கார வெட்டுகிற பள்ளம். அந்த ஒர்க்‌ஷாப்பில் இரண்டு காடிதான். அடி தட்டையாக இருந்தால் பட்டைக் காடி; விபூதிப் பட்டையிலிருந்து வந்தது. அடி வளைந்திருந்தால் நாமக் காடி. யார் வைத்த பெயரோ, சாமி இல்லை என்கிற முதலாளியிலிருந்து சாமி வந்து ஆடுகிற வார்ப்புக்காரர் வரை எல்லாரும் அப்படியேதான் சொன்னார்கள். ரமாமணிக்கு அதை யாரும் விளக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் யாருக்கு விளக்குவார்கள்?

அவள் பலகையில் தாளைப் பொருத்தி உட்கார்ந்தாள். காற்றில் போட்ட வளைவை அவள் பார்த்திருந்தாள். அதனால் வளைவாகத்தான் ஆரம்பித்தாள். முதல் தாளில் கூன் விழுந்தது. இரண்டாவதில் வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரத்துக்கு வாதம் வந்தது போல் இருந்தது. அடுத்த தாளில் அழித்து அழித்துக் காகிதமே கிழிந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நாமக் காடி, நாமக் காடி என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் அது தோன்றியது.

நாமம் என்பது ஊரார் சொல். அவள் வீட்டில் திருமண். அவள் பிறந்த நாள் முதல் பார்த்த திருமண் தென்கலைத் திருமண். இரண்டு வெள்ளைக் கோடுகள் இறங்கி வந்து கீழே சேரும். சேர்ந்த இடத்திலிருந்து மூக்கின்மேல் ஒரு சின்னப் பாதம் இறங்கும். அடி வளைந்து கிண்ணம் மாதிரி முடிகிறதே, அது வடகலை. அதைத் திருமண் என்று ஒப்புக்கொள்ளாத வீடு அவளுடையது. ஒரு கோயில் கதவில் எந்தத் திருமண் எழுதுவது என்ற வழக்கிலேயே அவள் அப்பா அழகியமணவாளன் ஆயுசைக் கழித்தார். தீர்ப்பு வருவதற்குள் கதவைக் கரையான் தின்றுவிட்டது. அவர் புதுக் கதவுக்கு மறுபடி மனுப் போட்டார்.

நாமம் என்றால் பாதத்தோடுதானே? முதலாளிக்கு அதெல்லாம் எங்கே தெரியும், விரலை எப்படியோ ஆட்டினார். இப்படி நினைத்ததும் ரமாமணிக்கு மூச்சு வந்தது. சரிந்து இறங்கும் இரண்டு கோடுகள், அடியில் ஒல்லியாக ஒரு பள்ளம். எல்லாம் நேர்கோடு. காம்பஸே வேண்டாம். ஒரே மூச்சில் வரைந்து, மை ஏற்றி, அளவுகளை எழுதி முடித்தாள். படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது.

லேத்தில் கடைசல் வேலை பார்க்கும் கண்ணாயிரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாம்மா இது, காடிக்குக் கீழ மூக்கு வெச்சுக்கினு இருக்குது?"

"நூல் தூசி இறங்கறதுக்கு" என்றாள் ரமாமணி. அந்த நிமிஷம் வரை அவளுக்கே தெரியாத காரணம் அது.

"தூசிக்கா! பலே!" கண்ணாயிரத்துக்குக் காரணம் ரொம்பப் பிடித்துப்போனது. ஷெட் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். தணிகாசலம் வார்டு கூட்டம், வசூல் என்று அலைந்துகொண்டிருந்தார். படத்தை எட்டிப் பார்த்து, கோடு சுத்தமாக இருக்கிறதென்று தலையாட்டிவிட்டுப் போனார். சக்கரங்கள் வார்க்கப்பட்டு, கடைசலும் முடிந்து, எண்ணெய் தடவி வரிசையாக நின்றன.

மார்கழி நடுவில் மில்லிலிருந்து ஆள் வந்தார். ராஜகோபால் என்று பெயர். மில்லின் இன்ஜினியர், பூர்வீகம் காஞ்சிபுரமேதான். மார்கழி பூஜைக்காக ஊருக்கு வந்தவர், அப்படியே சக்கரங்களையும் பார்த்துவிடலாம் என்று காலையில் பெருமாளைச் சேவித்த கையோடு வந்து நின்றார். நெற்றியில் வடகலைத் திருமண் ஈரம் காயாமல் பளிச்சென்றிருந்தது. கையில் அரை இஞ்ச் பருத்திக் கயிறு ஒரு முழம் இருந்தது. ரமாமணி அந்தக் கயிற்றை அன்றுதான் பார்க்கிறாள்.

ராஜகோபால் கயிற்றைச் சக்கரத்தில் மாட்டி இரண்டு பக்கமும் இழுத்தார். கயிறு சரிவில் இறங்கி, அடியில் இருந்த ஒல்லிப் பள்ளத்தில் ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டது. பிடுங்கியதில் நார் நாராக வந்தது.

"என்ன ஓய் இது?" என்றார் தணிகாசலத்தைப் பார்த்து.

"தூசி இறங்க, சார்" என்றான் கண்ணாயிரம் பெருமையாக.

"கயிறே இறங்கறது, தூசியைப் பத்திக் கவலைப்படறீரே! நான் கேட்டது அடி உருண்டையா இருக்கற காடி."

தணிகாசலத்துக்கு முகம் கறுத்தது. "அதாங்க சொன்னேன், நாமக் காடின்னு! ஏம்மா ரமாமணி, நாமக் காடின்னு சொன்னேனா இல்லியா?"

"நாமம்தானே சார் போட்டிருக்கேன்?" என்றாள் ரமாமணி.

"இதுவா நாமம்? நாமம்னா இன்னா..." தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரிலேயே இருந்தது. "தோ, சார் நெத்தியிலயே கீதே! இந்த மாதிரி!" என்று ராஜகோபாலின் நெற்றிக்கு நேராக விரலை நீட்டினார்.

அந்த இடத்தில் ரமாமணி வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் இருபத்தைந்து வருஷ வளர்ப்பு அவளை முந்திக்கொண்டது. "அது வடகலை, சார். எங்காத்துல அதைத் திருமண்ணே..." என்று ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினாள்.

ராஜகோபால் மெதுவாகத் திரும்பினார். "நீ யார் பொண்ணும்மா?"

சொன்னாள்.

"யாரு, கேஸ் அழகியமணவாளனா? கதவு கேஸ்?" அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக அவர் முடிவுசெய்துவிட்டார். "கோயில் கதவு போறாதுன்னு என் சக்கரத்துல பாதம் வச்சிருக்கேளா? அப்பா கோர்ட்டுல ஜெயிக்கலை, பொண்ணு மில்லுல ஜெயிக்கப் பார்க்கறா! மிஸ்டர் தணிகாசலம், உங்க ஆளுங்க சம்பிரதாயச் சண்டையை என் மெஷின்ல ஏத்த முடியாது. ஆர்டரை வேற இடத்துல குடுத்துக்கறேன்."

"சார், சார், நாமத்துல இன்னா சார் வடக்கு தெக்கு? நாமம்னா நாமம்தான சார்!" தணிகாசலம் உண்மையாகவே திகைத்துப்போனார். ஊருக்கெல்லாம் நாமம் போடுகிறான் என்று எதிர்க்கட்சிக்காரனை மேடையில் திட்டியிருக்கிறார். அதில் இரண்டு தினுசு உண்டென்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. "இன்னாம்மா, மதத்த கொண்டாந்து இரும்புல வெச்சிட்டியே. வேணும்னே செஞ்சியா?"

ரமாமணி அவசரமாகக் கணக்குப் போட்டாள். ஆமாம் என்றால் வெறிபிடித்தவள் என்ற பெயரோடு ஆர்டரும் போகும், வேலையும் போகும். தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும், பாதி உண்மையும் கூட. ஆனால் ராஜகோபால் அதை நம்பப்போவதில்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். படம் வரைகிற வேலைக்கு வந்தவள் அதைச் சொன்னால், அப்புறம் அந்த வேலைக்கு என்ன அர்த்தம்?

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லை, மாமா" என்றாள். சார் என்பது மாமா ஆகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. "எனக்கு வளைவு போட வரலை."

"என்ன?"

"கோட்டோட வளைவைச் சேர்த்தா கூன் விழறது. போட்டுப் போட்டுப் பார்த்தேன், தாள்தான் கிழிஞ்சது. பாதம் வச்சுட்டா காம்பஸ் வேண்டாமேன்னு... சார் விரலால வளைச்சுத்தான் காட்டினார். பார்த்தேன். தூசின்னு சொன்னதும் பொய்."

கண்ணாயிரத்தின் முகம் தொங்கிவிட்டது. தூசி பொய் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"சர்ட்டிபிகேட்ல பாஸ்னு போட்டிருந்துச்சே?" என்றார் தணிகாசலம்.

"பாஸ்தான், சார்."

ராஜகோபாலின் கோபம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது. வழக்காடியின் பெண்ணிடம் காட்டலாம்; காம்பஸ் பிடிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் எப்படிக் காட்டுவது? "சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன். அதுக்குள்ள ஒரு சக்கரமாவது சரியா இருந்தா பார்க்கலாம். இல்லைன்னா இல்லை" என்று சொல்லிவிட்டு, கயிற்றைப் பலகைமேலேயே போட்டுவிட்டுப் போனார்.

"வர்லன்னா நாளைக்கு நீ வர வாணாம்மா" என்றார் தணிகாசலம். அவர் குரலில் கோபம்கூட இல்லை. பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நாமத்தில் இரண்டு ஜாதி இருக்கிற விஷயம் அவருக்கு வயிற்றில் தங்கவில்லை. பத்து நிமிஷத்தில் ரயில்வே கேட் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

ரமாமணி பலகை முன்னால் உட்கார்ந்தாள். வெட்கம் காது மடல் வரைக்கும் சுட்டது. பிலாய் வீட்டுச் சமையலறை கண்முன் வந்து நின்றது. அதன் சின்ன ஜன்னல், அந்த ஜன்னலிலிருந்து தெரியும் இன்னொரு வீட்டுச் சுவர். வகுப்பில் சொன்ன முறையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வாத்தியாரின் சட்டை நிறம் வந்தது, முறை வரவில்லை.

சரிவுக் கோடுகளைப் போட்டாள். காம்பஸை ஊன்றினாள். கூன். முள்ளை ஒரு நூல் மேலே நகர்த்தினாள். வளைவு கோட்டை எட்டவில்லை. ஒரு நூல் கீழே. தாண்டியது. பெரியவள், இவ்வளவு படித்தவள், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து முள்ளுக்கு இடம் தேடுவது அவளுக்கே கேவலமாக இருந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ராஜகோபால் விட்டுப்போன கயிற்றை எடுத்தாள். வெட்டின முனை வட்டமாக இருந்தது. அதைத் தாளின்மேல் நட்டுவைத்துச் சுற்றிப் பென்சிலை ஓட்டினாள். சும்மாதான் செய்தாள், கை சும்மா இருக்கவில்லை என்பதற்காக.

தாளில் ஒரு வட்டம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் பென்சிலைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் அவள் பள்ளத்தை வரைந்துவிட்டு, அதில் வளைவைத் திணித்துக்கொண்டிருந்தாள். உட்காரப்போகிறது யார்? கயிறு. கயிற்றை முதலில் உட்கார வைத்துவிட்டால்?

நடுக்கோடு போட்டாள். அதன்மேல், கயிற்றுக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டு, காம்பஸால் ஒரு முழு வட்டம் போட்டாள். தனி வட்டம், அதில் அவளுக்கு என்ன கஷ்டம்? பிறகு முக்கோணக் கட்டையைச் சரித்து வைத்து, வட்டத்தை நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டே போனாள். கட்டையின் ஓரம் வட்டத்தைத் தொட்ட இடத்தில் நிறுத்திக் கோடு இழுத்தாள். மறுபக்கமும் அப்படியே. வட்டத்தின் மேல் பாதியை அழித்தாள்.

கோடு இறங்கியது, வளைந்தது, ஏறியது. எங்கே கோடு முடிந்து எங்கே வளைவு தொடங்குகிறதென்று அவளுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. கோட்டுக்கு வளைவைப் பொருத்தாமல், வளைவுக்குக் கோட்டைப் பொருத்திவிட்டாள், அவ்வளவுதான். வாய்விட்டுச் சிரித்தாள். லேத்தில் இருந்த கண்ணாயிரம், அந்தப் பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

வார்த்த சக்கரங்களை வீணடிக்க வேண்டியதில்லை என்பதும் அப்போது தெரிந்தது. இரும்பைச் சேர்க்க முடியாது, கழிக்கலாம். புதுக் காடியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால், பழைய சரிவும் பாதமும் அதற்குள் முழுசாக அடங்கிவிடும். பழைய படத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து, புதுக் காடியை வரைந்து பார்த்தாள். பாதம் உள்ளே போய்விட்டது. அப்பா தினமும் விடியற்காலையில் கண்ணாடி முன்னால் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூக்கின்மேல் இறக்கிய பாதம். அவர் முகம் ஒரு கணம் வந்துபோனது. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மையைத் தொட்டுக் கோட்டை அழுத்தமாகவே போட்டாள்.

"இது எதுக்கு இறங்குதும்மா, இப்ப?" என்று சந்தேகத்தோடு கேட்டான் கண்ணாயிரம்.

"கயிறு உட்கார" என்றாள்.

நாலு மணிக்குச் சற்று முன்னால் ராஜகோபால் வந்தார். கண்ணாயிரம் திருப்பிக் கடைந்திருந்த சக்கரத்தில் கயிற்றை மாட்டினார். இழுத்தார், தளர்த்தினார், ஓடவிட்டார். கயிறு மெத்தையில் படுத்த மாதிரி படுத்து, கேட்டபோது எழுந்து வந்தது. கட்டை விரல் நகத்தைக் காடியின் குறுக்கே ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை. படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அதில் கூன் இருக்கிறதா என்று அவர் தேடுவது ரமாமணிக்குத் தெரிந்தது. அவர் தேடட்டும் என்று நின்றாள்.

"மத்ததையும் இப்படியே பண்ணி அனுப்புங்கோ. அப்புறம் பெரிய ஆர்டர் பேசலாம்" என்று தணிகாசலத்திடம் சொன்னார். கிளம்பும்போது ரமாமணியைப் பார்த்து, "வராதுன்னியே?" என்றார்.

"காலம்பற வரலை" என்றாள்.

பஸ் போனதும் தணிகாசலம் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பொங்க கிங்கல்லாம் இன்னாத்துக்கு? நீ பர்மனெண்டுதாம்மா. ஒண்ணே ஒண்ணு. இனிமே வரலன்னா வரலன்னு எங்கிட்ட மொதல்லயே சொல்லிடு. தூசி கீசின்னு நம்ம ஆளுங்கள ஏமாத்தாத." கண்ணாயிரம் அதை ஆமோதித்துத் தலையாட்டினான்.

ரமாமணி வீதிக்குள் நுழைந்தபோது ஜனங்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வடகலை வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். தென்கலை வீடுகளிலிருந்து, ஒரு நாளும் பேசாதவர்கள்கூட, "வாம்மா" என்றார்கள். டீக்கடையில் பிறந்த கதை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்து, வந்த வழியில் நன்றாகக் கொழுத்தும் விட்டிருந்தது.

வீட்டில் சம்பத்குமார் இருந்தான். வேலை எப்படியும் நிரந்தரமாகாது என்று தானே முடிவுசெய்து, பொங்கல் வரை பொறுக்காமல் அவளை அழைத்துப் போக லீவில் வந்து இறங்கியிருந்தான். கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் அப்படிச் செய்ததில்லை.

"வீதி பூரா உன் பேச்சுதான், ரமா! பெங்களூர் மில்லுக்குப் போற இரும்பில நம்ம திருமண்ணைச் சாத்திட்டியாமே? அந்த வடகலையான் முகத்துக்கு நேரே, உன்னோடது திருமண்ணே இல்லைன்னுட்டியாமே? அப்பா ஆயுசு முழுக்கப் பண்ண முடியாததை ஒரு பொம்மனாட்டி பண்ணிட்டாடான்னு என்னைக் கட்டிண்டு அழறா எல்லாரும்."

ரமாமணி பாதி கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"வேலை போனா போறது. தலை நிமிர்ந்து பிலாய்க்கு வா. உன் மன்னிகிட்டயும் சொல்றேன், அங்கே இருக்கற நம்மவா எல்லார்கிட்டயும் சொல்றேன். உன்னை யாரும் ஒரு வேலை சொல்லக் கூடாது, ஆமா!"

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன். அண்ணன் கண்களில் நிஜமான பெருமை இருந்தது. அதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை. சும்மா இருந்தாலே போதும், அது தங்கிவிடும். ஒரு மாதமாவது தங்கும். மூன்றாவது குழந்தை பிறக்கிற வரைக்குமாவது.

"வேலை போகலை, அண்ணா" என்றாள். "நிரந்தரம் ஆயிடுத்து."

"ஆயிடுத்தா? அவன் எப்படி விட்டான்?"

"பாதத்தை எடுத்துட்டேன்."

சம்பத்குமாருக்குப் புரியவில்லை. "யார் எடுத்தா?"

"நான்தான். அடியில வளைச்சுப் போட்டேன். மத்தியானம் பூரா அதைத்தான் போட்டேன். இப்போ எனக்கு நன்னா வரது."

பிடித்திருந்த கையை அவன் விட்டான். "வடகலையாவா போட்டே? உன் கையால? யார் மிரட்டினா?"

"யாரும் மிரட்டலை. கயிறு உருண்டையா இருக்கு, அண்ணா."

அவன் முகத்திலிருந்த பெருமை வடிவதை அவள் நின்று பார்த்தாள். அது வலித்தது. வெளியே மார்கழி மேளம் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அது தாண்டிப் போகிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேனே" என்றான் சம்பத்குமார் கடைசியில்.

"ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, ரமாமணி கை கால் அலம்பக் கொல்லைப்புறம் போனாள்.